கட்டம் போட்டா ஆச்சா, தம்பி?

என்ன தம்பி, கம்ப்யூட்டரே படம் வரையுதுன்னு குதிக்கிறியாமே? உன் டெஸ்க்டாப் ஆப்புல பட்டனைத் தட்டுனா, ப்ரோகிராம்ல இருக்குற கிளாஸ் அத்தனையும் கட்டங்கட்டமா வந்து நிக்குதாம். பலே! திருவேட்டக்குடிக்கு என்.ஐ.டி வந்தாலும் வந்துச்சு, எங்க டீக்கடை பெஞ்சுலயும் ஜாவா, யூ.எம்.எல்.னு காதுல விழுது.

இந்தக் கட்டப் படம் போடுற யூ.எம்.எல். கதையை முழுசாக் கேளு. முன்னால ஆளுக்கொரு படம். பூச் கிளாஸை மேகமா வரைஞ்சாரு. ரம்பாவ் கட்டமா வரைஞ்சாரு. அப்புறம் யாக்கப்சனும் சேர, மூணு பேரும் ரேஷனல் கம்பெனியில உக்காந்து ராசியானாங்க. 1997-ல யூ.எம்.எல். பொதுவாச்சு. மேல பேரு, நடுவுல சரக்கு, கீழ செய்யுற வேலை. இவ்வளவுதான் ஒரு கட்டம். அதுக்கு இன்னிக்கு விதிப் புத்தகம் 700 பக்கத்துக்கு மேல! இத்தனை பக்கம் யாருக்குடா?

சரி, பட்டனைத் தட்டுனா என்ன நடக்குது? ரிஃப்ளெக்‌ஷன்னு ஒண்ணு. ப்ரோகிராமே தன் வயித்தைத் தொறந்து பாத்து, ஒவ்வொரு கிளாஸ்லயும் என்னென்ன இருக்குன்னு பட்டியல் கொடுக்கும். அதை டாட் எழுத்துல எழுதி கிராஃப்விஸ்னு படம் வரையுற ப்ரோகிராம் கையில குடுத்தா, எந்தக் கட்டம் மேல, எது கீழன்னு அதுவே அடுக்கும். கோடு கோட்டை வெட்டாம அடுக்குறது சின்ன வேலையா? வெட்டை ஆகக் குறைச்சலாக்க லேசான வழி எதுவும் எவனுக்கும் தெரியாது. ரெண்டே வரிசைன்னாலும் அதே பாடுதான். அதனால மிஷினும் குத்துமதிப்பாத்தான் அடுக்குது. மனுசனைப் போலத்தான்!

ஆனா ஒண்ணு. ரிஃப்ளெக்‌ஷனுக்குப் பேரு தெரியும், உள்ள நடக்குறது தெரியாது. ஒரு மெத்தட் உள்ளுக்குள்ள யாரைக் கூப்பிடுதுன்னு அது சொல்லாது. கட்டத்தைச் சேர்க்குற கோட்டு முனையில கறுப்பு வைரம் போடணுமா, வெள்ளை வைரம் போடணுமான்னும் தெரியாது. முழுசு அழிஞ்சா பாகமும் அழியுமா (அப்ப கறுப்பு), இல்ல தனியா நிக்குமா (அப்ப வெள்ளை)? அது எழுதுனவன் மனசுல இருக்கு. மிஷினை மிரட்டுனா வருமா?

அப்புறம் உன் படத்தைப் பாத்தேன். எறநூறு கட்டம், கெட்டர், செட்டர், லைப்ரரி எல்லாம் உள்ள. படமாடா அது? கோழி கிளறுன குப்பை!

நம்ம ஊரு காவிரிக் கடைமடை. தண்ணி வரலைன்னா நாங்க மதகு பாக்குற லஸ்கரைக் கேக்குறது ஒரே கேள்விதான்: எந்த மதகுல நிக்குது? அவன் தரையில குச்சியால நாலு கோடு கீறுவான். அரசலாறு, வாய்க்கா, ரெண்டு மதகு. அவ்வளவே. ஊருல உள்ள வரப்பெல்லாம் வரைஞ்சா மதகு தெரியுமா?

அதனால நீயும் கேள்வியை முதல்ல வையி. இந்த கிளாஸைத் தொட்டா எது எது உடையும்? அதுக்கு வேண்டிய ஏழெட்டுக் கட்டம் போதும். உன் பேக்கேஜ் மட்டும் நிக்கட்டும். லைப்ரரியை வெளிய தள்ளு. கெட்டரை மறை. பில்டு ஓட்டுறப்பல்லாம் புதுசா வரைய விடு, பழைய படத்தைச் சுவத்துல ஒட்டி வைக்காதே. வைரத்தை மட்டும் உன் கையால போடு.

கேள்வியே இல்லையா? மிஷினை அணைச்சுட்டுப் போய்ச் சாப்பிடு. கரண்ட் பில்லாவது குறையும்!