பம்பருக்கும் பட்டா உண்டா?

கேள்வி: ஐரோப்பாவில் டிசைன் சட்டம் மாறிவிட்டதாமே! அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஓட்டும் எங்களுக்கு அதனால் என்ன லாபம்?
– வாசகர், மண்ணூர்பேட்டை

பதில்: லாபம் உண்டு, கொஞ்சம் பயமும் வேண்டும். நசுங்கிய கார் கதவுக்கு மாற்று, அதே வளைவு, அதே மடிப்புள்ள கதவுதான். வேறு வளைவில் மாட்டினால், இரவல் சட்டையில் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி இருக்கும். அந்த வளைவுக்கே கார் கம்பெனி பட்டா வாங்கிவிட்டால் அவர்கள் வைத்ததுதான் விலை. பழைய தோற்றத்தை மீட்கப் பழுதுக்காகச் செய்யும் பாகத்துக்கு அந்த உரிமை செல்லாது என்கிறது 2024-இல் வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். பாகத்தைச் செய்தது யார் என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உறுப்பு நாடுகள் 2027 டிசம்பர் 9-க்குள் தங்கள் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும். பழைய பதிவுகளுக்கு 2032 வரை சலுகை தரலாம். நம்முடைய 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தில் இப்படியொரு விதி இல்லை. கட்டாயம் வர வேண்டும். சிறு பட்டறைகளுக்கு அது பெரிய தெம்பு.

பயம் எதற்கு என்றால், லோகோவுக்கு. ஆடி காரின் கிரில்லில் நான்கு வளையம் மாட்டும் இடத்தை அதே வடிவில் செய்ததுகூட முத்திரை மீறலாகலாம் என்று 2024 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. டை வெட்டுமுன் அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை பாருங்கள்.