விட்டாச்சு சார்!

பெங்களூர் ஓரத்துச் சந்தாபுரா சர்க்கிளில் மாலை ஏழு மணிக்கு மேல் நின்று பார்த்தால் புகைபிடிப்பவர்கள் இரண்டு கட்சியாக இருப்பது தெரியும். சும்மா பிடிப்பவர்கள் ஒரு கட்சி. “நான் எப்பவோ விட்டாச்சு சார்” என்று சொல்லிக்கொண்டே பிடிப்பவர்கள் இன்னொரு கட்சி. முதல் கட்சியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பிடிக்கிறார்கள், இருமுகிறார்கள், போகிறார்கள். இரண்டாம் கட்சிக்காரர்தான் நம்மவர்.

நம்மவருக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். வேலை எலக்ட்ரானிக் சிட்டியில். குடித்தனம் சந்தாபுராவில். இங்கே வாடகை குறைவு, ஆபீஸ் பக்கம், அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு, ஆகவே ஊரும் பக்கம் என்பது அவர் போட்ட கணக்கு. ஓசூர் ரோட்டு நெரிசலில் ஆபீசும் தூரம், ஊரும் தூரம் என்பது அந்தக் கணக்கில் விட்டுப்போனது. அவர் போடும் எல்லாக் கணக்கிலும் ஒரு வரி விட்டுப்போகும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அவருடைய புகை வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

ஒரு புத்தாண்டு அன்று அவர் சிகரெட்டை விட்டார். விட்டதை அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார். முப்பது பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள். மறுநாள் சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு பளபளப்பான வஸ்து எட்டிப் பார்த்தது. மகன் அதைப் பென் டிரைவ் என்று நினைத்து டிவியில் செருகப் பார்த்தான். வேப் என்று பெயர் சொல்லி, “இதுல புகையே கிடையாது, வெறும் ஆவி. இட்லிப் பானையில வர்றதுதான்” என்று வீட்டுக்கு விளக்கினார் நம்மவர். இட்லிப் பானையில் நிகோடின் ஊற்றுவதில்லை என்ற வரி விட்டுப்போனது.

இந்த வஸ்துவை வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. கர்நாடக அரசு 2016 ஜூனிலேயே இதைத் தடைசெய்துவிட்டது. 2019 செப்டம்பர் 18 அன்று நாடு முழுவதற்கும் அவசரச் சட்டம் வந்தது. அறிவித்தவர் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். டிசம்பரில் அதுவே நாடாளுமன்றச் சட்டமாயிற்று. விற்றால் முதல் தடவை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நம்மவர் அந்தச் சட்டத்தின் பெயரை மனப்பாடமாக வைத்திருக்கிறார். “உற்பத்தி, தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், சேமிப்பு, விளம்பரம். எண்ணிப் பாருங்க. இதுல ‘இழுக்கிறது’ எங்க சார் வருது?” என்பார். சுப்ரீம் கோர்ட் வரை போகக்கூடிய வாதம்தான். ஆனால் சரக்குக்கு அவர் போவது ஒரு ‘தம்பி’யிடம். தம்பிக்குப் பெயர் கிடையாது, கடை கிடையாது, முகப்புப் படத்தில் ஒரு புலி இருக்கும், அவ்வளவுதான். “ஸ்டாக் வந்துருக்குண்ணா” என்று இரவு பத்தரைக்குச் செய்தி வரும். நம்மவர் குப்பை கொட்டப் போவதாகச் சொல்லி இறங்கி, தண்ணீர் லாரி நிற்கும் மூலையில் இருட்டில் காத்திருந்து வாங்கி வருவார். பதினெட்டு வயதில் அப்பாவுக்குத் தெரியாமல் முதல் சிகரெட் வாங்கியபோதுகூட அவர் இவ்வளவு ஒளியவில்லை. பிடிப்பது பகிரங்கம், விடுவதுதான் கள்ளத்தனம் என்று ஆகிவிட்டது அவர் பாடு.

புதிதாக மதம் மாறியவருக்குப் பிரசங்க ஆசை வராமல் இருக்குமா? டீக்கடையில் சிகரெட்டோடு நிற்கும் சகாக்களிடம், “இங்கிலாந்து கவர்ன்மென்ட்டே சொல்லியாச்சு, 95 சதவீதம் கெடுதல் கம்மி. மிச்சம் அஞ்சே சதவீதம்தான். இங்க பாருங்க, டப்பாவுலயே அஞ்சு சதவீதம்னு போட்டிருக்கான்” என்று எடுத்துக் காட்டுவார்.

95 என்ற எண் உண்மைதான். 2015-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை அப்படி ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அதை ஏற்காத மருத்துவர்களும் உண்டு. டப்பாவில் இருக்கும் 5 வேறு குடும்பத்து எண். அது நிகோடினின் அடர்த்தி: ஒரு மில்லிக்கு ஐம்பது மில்லிகிராம். இங்கிலாந்தில் சட்டப்படி இருபதுக்கு மேல் போகக்கூடாது. ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப்போடும் வேப்புகளை 2025 ஜூன் முதல் அங்கே அடியோடு தடைசெய்தும்விட்டார்கள். எந்த தேசத்தைச் சாட்சிக்கு அழைக்கிறாரோ, அந்த தேசத்திலேயே நம்மவரின் டப்பா செல்லாது.

இன்னொரு சாட்சியும் வைத்திருக்கிறார். அதே இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடந்த ஆய்வு, 2019-இல் வந்தது. நிகோடின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை போன்றவற்றால் ஓராண்டு கழித்தும் சிகரெட் தொடாமல் இருந்தவர்கள் நூற்றுக்குக் கிட்டத்தட்டப் பத்துப் பேர். வேப்பால் இருந்தவர்கள் பதினெட்டுப் பேர். “ஏறக்குறைய டபுள் சார்!” என்பார். மிச்சம் எண்பத்திரண்டு பேர் எந்த டீக்கடையில் நிற்கிறார்கள் என்பதைச் சொல்லமாட்டார். ஜெயித்தவர்களிலும் ஐந்தில் நான்கு பேர் ஓராண்டுக்குப் பிறகும் வேப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதையும் சொல்லமாட்டார். இவ்வளவு ஏன், 2003-இல் இந்த யந்திரத்தை உருவாக்கிய சீன மருந்தாளர் ஹோன் லிக், சிகரெட்டை விடுவதற்காகத்தான் அதைச் செய்தார். தாம் இரண்டையும் உபயோகிப்பவர் என்று பின்னாளில் அவரே பேட்டியில் சொன்னார். பிரம்மாவுக்கே அந்தக் கதி!

கொஞ்ச நாளில் வேறொரு சங்கதி தெரிந்தது. சிகரெட் தானாக அணையும். ஐந்தாறு நிமிடத்தில் விரலைச் சுட்டு, “போதும், போய் வேலையைப் பார்” என்று அனுப்பிவைக்கும். அதற்காக லிப்டில் இறங்க வேண்டும், மழை என்றால் நனைய வேண்டும். வேப்புக்கு இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. முதல் இழுப்புக்கும் கடைசி இழுப்புக்கும் நடுவே ஒரு சுவரும் இல்லை. நம்மவர் படுக்கையில் இழுத்தார், குளியலறையில் இழுத்தார், கேமராவை அணைத்துவிட்டு மீட்டிங்கில் இழுத்தார். நாளைக்கு எட்டு சிகரெட் பிடித்த மனிதருக்கு இப்போது எண்ணிக்கையே கிடையாது. எண்ண முடியாததைப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டார்.

ஊரிலிருந்து அவர் அம்மா வந்திருந்தபோது ஒரு சங்கடம். அந்த மாதச் சரக்கு மாம்பழ வாசனை. கிருஷ்ணகிரிக்காரரின் மூக்கிடம் மாம்பழத்தில் ஏமாற்ற முடியுமா? மார்கழிக் காலையில் ஹாலுக்கு வந்த அம்மா ரெண்டு தடவை மூச்சை இழுத்தார். “ஏண்டா, இந்த மாசத்துல ஏது மாங்கா? செந்தூராவும் இல்ல, பெங்களூராவும் இல்ல. இது எந்த ஊரு மரத்துக் காய்டா?” நம்மவர் ரூம் பிரஷ்னர் என்றார். “அப்ப அது ஏண்டா உன் வாயில இருந்து வருது?” என்று கேட்டுவிட்டு அம்மா காபி போடப் போய்விட்டார்.

சரிவு ஒரு மழைநாளில் வந்தது. ஹெப்பகோடியில் வண்டிகள் அசையாமல் நின்றன. பையிலிருந்த வஸ்து மூன்று தடவை கண்ணடித்துவிட்டு அணைந்தது. தம்பிக்குப் போன் போட்டால் ஸ்விட்ச் ஆப்; புலியையும் காணோம். சந்தாபுராவில் இறங்கியவரின் கால்கள் தாமாகவே காண்டிமென்ட்ஸ் கடைக்குப் போயின. டீ, பன், சிகரெட், ஹால்ஸ் மிட்டாய் எல்லாம் ஒரே ஜன்னலில் விற்கும் கடைக்குப் பெங்களூரில் அதுதான் பெயர்.

“ஏன் சார், காணிஸ்லே இல்லா?” என்றார் கடைக்காரர். ஆளையே காணோமே என்று விசாரிப்பு. கேட்டபடியே கை பின்னால் போய், நம்மவரின் பழைய பிராண்டை எடுத்து டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தது. இத்தனை மாதமாக வேப் ஒரு நாளாவது அவரை விசாரித்ததுண்டா? பக்கத்தில் நின்ற பழைய சகா, “என்ன மச்சி, இளைச்சுட்டே?” என்று நெருப்பை நீட்டினான். மூச்சுக்குள் போன நிகோடின் மூளைக்குப் போய்ச் சேர பத்து இருபது விநாடி ஆகும் என்பார்கள். நம்மவருக்கு அந்த விசாரிப்பே போதுமாக இருந்தது. புகை பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

முதல் சிகரெட்டுக்குச் சகா காசு கொடுத்தான். ஆகவே அது கணக்கில் வராது. ஓசியில் பிடித்தது பிடித்ததாகாது. அடுத்தது பை-டூ. காபியைப் பாதிப் பாதியாகப் பங்குபோடும் பெங்களூர் தர்மப்படி ஒரு சிகரெட்டில் இரண்டு பேர். பாதியை முழுமையாக்கும் விதி எந்தக் கணிதத்திலும் இல்லை. மூன்றாவது சொந்தக் காசில், ஆனால் ஒற்றை. பெட்டியாக வாங்குபவன்தான் சிகரெட் பிடிப்பவன், ஒற்றை வாங்குபவன் விட்டவன் என்பது அவர் வகுத்த இலக்கணம். இப்படித் தினமும் ஏழெட்டு ஒற்றை வாங்குகிறார்.

கர்நாடகத்தில் ஒற்றைச் சிகரெட் விற்கக்கூடாது என்பது சட்டம். 2025 மே மாதம் வந்த திருத்தத்தில் வாங்குபவருக்கு வயது இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும், பொது இடத்தில் பிடித்தால் அபராதம் 200 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் வரை என்றும் உயர்ந்தது. நம்மவருக்கு மூன்றும் தெரியும். வயது விஷயத்தில் மட்டும் சட்டத்தை முழுமையாகக் கடைப்பிடிக்கிறார்.

கொஞ்ச காலம் இரட்டைக் குடித்தனம் நடந்தது. ஆபீசில் மாம்பழம், தெருவில் சிகரெட். பிறகு வஸ்து, பழைய சார்ஜர்களும் உடைந்த ஹெட்போனும் கிடக்கும் மேஜை இழுப்பறைக்குள் போய்ச் சேர்ந்தது. காரணங்கள் மட்டும் புதிதாக வந்துகொண்டே இருந்தன. முன்பு டிராபிக்கால் பிடித்தார். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் வழி மெட்ரோ வந்து டிராபிக்கைப் பறித்துக்கொண்டது. இப்போது மெட்ரோவுக்குள் பிடிக்க முடியாததை ஈடுகட்டப் பிடிக்கிறார். பொம்மசந்திராவில் இதய சிகிச்சைக்குப் பேர்போன நாராயணா மருத்துவமனை வரும் திசையில் மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வீட்டில் தெரியாதா? சென்டர் பிரெஷ் மென்று, கையைச் சானிடைசரில் கழுவி, இரண்டு மாடி படியேறி மூச்சை ஆற்றிக்கொண்டுதான் மணியடிப்பார். மனைவி கதவைத் திறந்து ஒரு நிமிடம் பார்ப்பார்.

“பக்கத்துல நின்னவன் பிடிச்சான்.”

“சரிங்க. அவன் பிடிச்சா வாசம் உங்க சட்டையில வரும். விரல்லயும் வருமா?”

இதற்குப் பதில் சொல்லாமல், வரும் திங்கட்கிழமை முதல் விடப்போவதாக நம்மவர் அறிவிப்பார். மகன் காலண்டரைப் பார்க்கக்கூட மாட்டான்.

சிரித்தாயிற்று. நம்மவர் கணக்கில் கடைசியாக விட்டுப்போன வரியையும் எழுதிவிடலாம். அவர் சிகரெட்டை விட்டாரே தவிர நிகோடினை ஒரு நாளும் விடவில்லை; வண்டிதான் மாறியது, பயணி அப்படியே இருந்தார். அந்த இங்கிலாந்து ஆய்வில் கலந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் குறைந்தது நான்கு வாரம், வாரந்தோறும் ஓர் ஆலோசகர் நேரில் உட்கார்ந்து பேசினார். நம்மவருக்கு வாய்த்த ஆலோசகர் புலிப்படத் தம்பி. காண்டிமென்ட்ஸ் ஜன்னலில் கிடைக்கும் அந்தப் பத்து நிமிட விசாரிப்புக்கு மாற்று எந்த யந்திரத்திலும் இல்லை; அதை மனிதர்கள்தான் தர வேண்டும். புகையிலையை விட உதவும் மருத்துவர்கள் இதே ஓசூர் ரோட்டில், நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இருக்கிறார்கள். சூயிங்கம் கொடுப்பார்கள், தேவையென்றால் மாத்திரை கொடுப்பார்கள், முக்கியமாக மறுவாரம் வரச்சொல்லி விசாரிப்பார்கள். திரும்பப் பிடித்துவிட்டு வந்தவரை விரட்டமாட்டார்கள். பெரும்பாலோர் பல தடவை விட்டுத்தான் ஒரு தடவை விடுகிறார்கள் என்பது அவர்களுக்குப் பழகிய விஷயம்.

சிகரெட் பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் போட்டிருக்கிறது. விட விரும்புகிறவர்கள் அழைக்க ஓர் எண்ணும் 2018 முதல் அதில் அச்சாகிறது. ஒற்றையாக வாங்குகிறவர் கண்ணில் பெட்டியே படுவதில்லை. ஆகவே சந்தாபுராவிலும் மற்ற ஊர்களிலும் உள்ள ‘விட்டாச்சு’ கட்சிக்காரர்களுக்காக அந்த எண்ணை இங்கே தருகிறேன்: 1800-112-356. கட்டணம் கிடையாது.