கிழமை பார்த்துக் கும்பிடும் ஊர்

கோயிலுக்குப் போகிறவர்கள் சாமியைப் பார்ப்பார்கள். நான் கூட்டத்தைப் பார்ப்பேன். சாமி எங்கேயும் போய்விடப் போவதில்லை. வருகிறவர்கள்தான் நாளுக்கு நாள் மாறுகிறார்கள். கோயில், சர்ச், தர்கா என்று சென்னையில் எங்கே போனாலும் ஓரமாக ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். பெரிய பக்திமான் போலிருக்கிறது என்று நினைத்து ஜனங்கள் விலகி நடப்பார்கள்.

இப்படி நின்று நின்று எனக்குப் பிடிபட்ட உண்மை ஒன்று உண்டு. இந்த ஊரில் யார் எங்கே கும்பிடப் போவது என்பதை மதம் தீர்மானிப்பதில்லை. கிழமைதான் தீர்மானிக்கிறது.

செவ்வாயையே எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் 3 மணிக்கு ராகு காலம் தொடங்கியதும் துர்க்கை சந்நிதிகளில் எலுமிச்சை மூடியை உட்புறம் வெளியே வரத் திருப்பி விளக்கேற்றப் பெண்கள் வரிசைகட்டிவிடுவார்கள். 4.30-க்கு ராகு காலம் முடியும். அதற்குப் பிறகு பாரிமுனை அரண்மனைக்காரத் தெருவில் உள்ள அந்தோணியார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். மெழுகுவத்தி வரிசையில் குங்குமம் வைத்த நெற்றி, விபூதி பூசிய நெற்றி என்று ஏகப்பட்ட நெற்றிகள். 1231-ஆம் ஆண்டு பதுவை நகரில் அந்தோணியாரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதனால் அது அவருக்கு உகந்த நாளாயிற்று. நம் ஆட்களுக்கு அந்த வரலாறெல்லாம் வேண்டாம், செவ்வாய் என்றால் போதும்.

தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் என்று அவருக்குப் பெயர். ஹைகோர்ட் பக்கத்திலேயே இருப்பதால் கேஸ் கட்டும் கையுமாகச் சிலர் வருகிறார்கள். அப்படி ஒருவரிடம், "என்ன சார் தொலைஞ்சது?" என்று கேட்டேன்.

"பூர்வீக வீடு சார்."

"வீடு எப்படித் தொலையும்?"

"எங்க இருக்குன்னு நல்லாத் தெரியும் சார். உள்ள தம்பி உட்கார்ந்திருக்கான்."

அதே தெருவில் 1772-இல் கட்டிய அர்மீனியர் தேவாலயம் இருக்கிறது. மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். கும்பிடத்தான் ஆளில்லை. உலகத்திலேயே முதல் அர்மீனியப் பத்திரிகையை 1794-இல் இந்தச் சென்னையில் வெளியிட்ட பாதிரியார் அங்கேதான் உறங்குகிறார். அவரைத் தாண்டிப் போய்க் கல்லூரிப் பிள்ளைகள் செல்பி எடுக்கிறார்கள். இன்ன கிழமை இங்கே விசேஷம், ஒன்பது வாரம் வந்தால் பலிக்கும் என்று யாராவது ஒருவர் கிளப்பிவிட்டால் போதும், மறுவாரமே வாசலில் பூக்கடை வந்துவிடும்.

வியாழன் வேறு மாதிரி. காலையில் தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை. பிறகு மயிலாப்பூர் சாய்பாபா. சாயங்காலம் தர்கா. ஒரே முகங்களை மூன்று இடத்திலும் பார்க்கலாம். மாறுவது கையிலிருக்கும் பொட்டலம் மட்டும்தான்.

மசூதி வாசலுக்குக் கிழமைகூடக் கிடையாது, குழந்தைக்குக் காய்ச்சல் வரும் நாளெல்லாம் விசேஷம். மஃரிப் என்னும் அந்தித் தொழுகை முடிகிற நேரம், இடுப்பில் பிள்ளையும் கழுத்தில் தாலியுமாகப் பெண்கள் காத்திருப்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராக ஓதி, பிள்ளையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். "டாக்டர்கிட்ட காட்டலையாம்மா?" என்று ஒரு தாயிடம் கேட்டேன். "காட்டியாச்சுங்க. மருந்து குடுத்திருக்காரு. அது வேலை செய்யணும்ல?" என்றார். மருத்துவத்தை இத்தனை சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

திருவல்லிக்கேணியில் 1795-இல் கட்டிய பெரிய பள்ளிவாசலுக்கு ரமலான் மாதத்தில் போனால் எனக்கே கணக்குக் குழம்பிவிடும். நோன்பு திறக்கச் சாப்பாடு பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூரிலிருந்து வரும் சிந்தி இந்துக்கள். பல பத்தாண்டுகளாக இது நடக்கிறது.

கிழமைக்குக் கட்டுப்படாத இன்னொரு கூட்டம் மாணவர்கள். பொதுத்தேர்வு நெருங்கினால் செங்கல்பட்டு பக்கம் செட்டிபுண்ணியத்தில் ஹயக்ரீவர் முன்னால் பேனாவும் ஹால் டிக்கெட்டும் குவியும். பிள்ளைகளைவிடப் பெற்றோர் முகத்தில்தான் பரீட்சை பயம். ரிசல்ட் வந்த பிறகு நன்றி சொல்ல வருகிற கூட்டம் மட்டும் கொஞ்சம் சுமார்தான்.

எதிர்வீட்டு அக்கா இந்தக் கலையில் கரைகண்டவர். செவ்வாய் அந்தோணியார், வியாழன் பாபா, வெள்ளி அம்மன், சனி ஆஞ்சநேயர். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறதில்லையாக்கா?" என்று கேட்டேன்.

"எங்கப்பா போறது? அன்னிக்கு அவங்க ஆளுங்களே வந்து ரொப்பிடறாங்க, உட்கார இடமே கிடைக்கறதில்ல" என்று சலித்துக்கொண்டார்.

மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். மதம் என்ற கட்டத்துக்குக் கீழே கிழமை என்று இன்னொரு கட்டமும் போடுங்கள். சென்னைக்காரர்கள் முழு விவரத்தையும் அங்கேதான் எழுதுவார்கள். இடம் மட்டும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.