தூக்குகிறவனுக்குத்தான் தெரியும்

எங்கள் வீட்டில் கனமானதைத் தூக்குவது மட்டும் என் இலாகா. மற்ற இலாகாக்கள் எல்லாம் மேலிடத்திடம். அதனால் உலோகங்களை நான் எடை பார்த்துத்தான் மதிப்பேன். ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை சுமார் 8.5 கிராம், இரும்பு 7.9, அலுமினியம் வெறும் 2.7. இடுப்புவலிக்காரனுக்கு இதைவிட நல்ல சேதி வேதியியலில் கிடையாது.

ஆனால் காலம் எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது. ஆரோக்கியம் என்ற பெயரில் பாட்டி காலத்து வெண்கலப் பானை, பித்தளை அண்டா, இரும்பு வாணலி எல்லாம் பரணிலிருந்து இறங்குகின்றன. இறக்குவது யார், புளி போட்டுத் தேய்ப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இடம் போதாமல், அலுமினியச் சாமான்களைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிட அடுப்படியில் தீர்மானம் நிறைவேறியது.

நான் எழுந்து ஆட்சேபித்தேன். "அலுமினியத்தை என்னவென்று நினைத்தாய்? பூமியின் மேலோட்டில் எட்டு சதவீதம் இதுதான். ஆனாலும் ஆக்சிஜனை விட்டுப் பிரிக்க முடியாமல் விஞ்ஞானிகள் திணறினார்கள். 1884-இல் அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைத்தது அலுமினியம். அன்றைக்கு அதன் விலை கிட்டத்தட்ட வெள்ளி விலை!"

"இப்ப என்ன விலை?"

விலை சரிந்த கதைக்கு வந்தேன். 1886-இல் அமெரிக்காவில் ஹால், பிரான்சில் எரூ, ஒருவரையொருவர் அறியாமலே, உருக்கிய கிரையோலைட் கனிமத்தில் அலுமினிய ஆக்சைடான அலுமினாவைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சி உலோகத்தைப் பிரித்தார்கள். இருவரும் பிறந்தது 1863, காலமானது 1914. ஜோசியர்கள் கவனிக்க. நம்ம ஊரிலும் 1898-இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராக இருந்த ஆல்பிரெட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார். அந்தப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி.

"அந்தத் துரை புளிக்குழம்பு வெச்சாரா?" என்று கேட்டாள் மனைவி.

சபை கலைந்தது. அவள் கேட்டது நியாயம் என்பதுதான் கொடுமை. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உண்டாகிறது. அரிப்பிலிருந்து காப்பது அதுதான். புளி, எலுமிச்சை, தக்காளி பட்டால் அந்தப் படலம் கரையத் தொடங்கும். உலோகம் கொஞ்சம் குழம்பில் சேரும். சோறு வடிக்கலாம், பால் காய்ச்சலாம். ரசத்தையும் ஊறுகாயையும் அதில் வைத்திருக்கக் கூடாது.

பாத்திரக்காரர் இரும்புக்குத் தருவதைவிட நல்ல விலையே தந்தார். காரணம், பாக்சைட் தாதுவிலிருந்து புதிதாக எடுக்கும் மின்செலவில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு இருந்தால் போதும், பழசை உருக்கி வார்த்துவிடலாம். வந்த பணத்தில் ஓர் இரும்புத் தோசைக்கல் வாங்கினோம். கடையிலிருந்து அதைச் சுமந்து வந்தது நான்.

அலுமினிய ஏணி மட்டும் தப்பித்தது. இரும்பு ஏணி வாங்கினால் அதைத் தூக்கி நிறுத்த இன்னொரு கணவன் வேண்டும் என்று மேலிடமே ஒப்புக்கொண்டது. என்னைப் போன்ற ஏணிக் கணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தெருவில் போகும் மின்கம்பிகள் பெரும்பாலும் அலுமினியம், ஏணியும் அலுமினியம், இரண்டுமே மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மாமரத்துக்கோ ஒட்டடைக்கோ ஏணியைத் தூக்குமுன் தலைக்கு மேலே ஒருமுறை பாருங்கள்.