விதைநெல்லுக்குத் தனி மூட்டை

கேள்வி: எக்ஸ்எம்எல் ஆவணத்துக்குள் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எழுதினால் பிழை காட்டி நின்றுவிடுகிறதே, ஏன்?
– ஒரு வாசகர், கீரப்பாளையம்

பதில்: 1998 பிப்ரவரியில் டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்எம்எல் 1.0 விதிப்படி, < என்பது குறிச்சொல்லின் தொடக்கம்; & என்பது மாற்றுக்குறியின் தொடக்கம். நிரலிலோ < என்றால் ‘சிறியது’; && என்றால் ‘இரண்டும் உண்மையானால்’. ஆவணத்தைப் படிக்கும் மென்பொருளான பார்சருக்கு இந்த வேறுபாடு தெரியாது. முதல் பிழையிலேயே ஆவணத்தை மறுத்துவிடும்.

வழிகள் மூன்று. அந்தக் குறிகளை &#60;, &#38; என எழுதலாம்; ஆனால் நிரலைப் படிப்பது சிரமம்.

இரண்டாவது, நிரல் முழுவதையும் <![CDATA[ எனத் தொடங்கி ]]> என முடியும் சிடேட்டா பகுதிக்குள் வைப்பது. அரைவைக்குப் போகாதபடி விதைநெல்லைத் தனி மூட்டையாகக் கட்டிவைப்பது போன்றது இது. உள்ளே இருப்பதைப் பார்சர் வெறும் எழுத்தாகவே கொள்ளும். ]]> வரும் இடத்தில் கட்டு அவிழும். நிரலுக்குள்ளேயே அது வந்தால், ]] உடன் ஒரு பகுதியை முடித்து, > உடன் அடுத்ததைத் தொடங்க வேண்டும். பயனர் தரும் தரவில் அந்தக் குறி இருக்கிறதா எனச் சோதிக்காமல் உள்ளே விடுவது ஆபத்து. <!-- --> குறிகளுக்குள் நிரலை ஒளிப்பதும் உதவாது. அதைக் குறிப்புரையாக எண்ணிப் பார்சர் விட்டுவிடலாம்.

மூன்றாவதே மிகப் பாதுகாப்பானது: நிரலைத் தனிக் கோப்பில் வைத்து, ஆவணத்தில் அதன் முகவரியை மட்டும் தருவது.