மூன்றடி முரடர்

எந்த ஆட்ட மேசையிலும் அவரைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். புது ஆட்டம் தொடங்கப் போகிறது; ஆளுக்கொரு பாத்திரத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறோம். ஒருவர் எல்ஃப் மந்திரவாதி என்கிறார். இன்னொருவர் ட்வார்ஃப் பூசாரி. இவர் மட்டும் தன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்த சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தானாகச் சொல்ல மாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

"உனக்கு என்ன பாத்திரம்?"

"பார்பேரியன்."

"சரி. இனம்?"

"ஹாஃப்லிங்."

இந்த இடத்தில் மேசை ஒரு கணம் அடங்க வேண்டும். யாராவது "ஹாஃப்லிங்கா?" என்று இழுக்க வேண்டும். அந்த இழுப்புக்காகத்தான் மனிதர் மூன்று வாரம் கண் விழித்திருக்கிறார். ஒருமுறை யாரோ, "நல்லாயிருக்கே" என்று சொல்லிவிட்டுப் பாப்கார்ன் எடுக்கப் போய்விட்டார்கள். அன்று முழுக்க நம்மவர் முகம் சரியில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். அதில் ஒருவர் டிஎம். அவர் கதையை நடத்துவார், பூதமாகவும் ராஜாவாகவும் சத்திரக்காரனாகவும் அவரே பேசுவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பார்பேரியன் என்றால் வெறி வந்து விளாசுகிற காட்டு வீரன். ஹாஃப்லிங் என்றால் மூன்றடி உயரம், பதினெட்டு கிலோ எடை. யூகேஜி பிள்ளை ஒன்று கோடாரியைத் தூக்கிக்கொண்டு வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள், கணக்கு சரியாக இருக்கும்.

கடுகு, காரம் என்று நீங்கள் தொடங்குமுன் தடுத்துவிடுகிறேன். அந்தப் பழமொழி அவருக்குப் பொருந்தாது. கடுகு காரமாக இருக்க எந்த விதிப் புத்தகத்தோடும் சண்டை போட்டதில்லை.

நாங்கள் ஞாயிறுதோறும் கூடுவது சிகாகோ புறநகரில் ஓர் ஆட்டக் கடையின் பின்னறையில். ஆட்டம் பிறந்த விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா, காரில் போனால் ஒன்றரை மணி நேரம். நம்மவர் உயரம் ஆறடி இரண்டங்குலம். நான் பார்த்தவரை இந்த ரகத்தில் குட்டையானவர்கள் இல்லை. குட்டையானவர்கள் அரை ஆர்க் என்ற வாட்டசாட்டமான இனத்தைத்தான் எடுக்கிறார்கள்; அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதலாம். பகலில் நம்மவர் காப்பீட்டுக் கம்பெனியில் இழப்பீட்டு மனுக்களைப் பார்க்கிறார். விதியின் எந்தச் சந்து வழியாக எவன் நுழைந்து வருவான் என்று வாரத்தில் ஐந்து நாள் காவல் காக்கிறவர், ஞாயிற்றுக்கிழமையானால் தானே நுழைகிறார்.

சந்துகளுக்குக் குறைவில்லை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, பெருங்கோடாரி, பெருவாள் போன்ற கனத்த ஆயுதங்களைச் சிறிய உருவத்தினர் எடுத்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் பகடையை இருமுறை உருட்டி, குறைந்த எண்ணைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நேர்மையான மனிதன் இதைப் படித்தால் என்ன செய்வான்? ஹாஃப்லிங்கை வைத்துக்கொண்டு திருடனாகவோ வில்லாளியாகவோ போவான். நம்மவர் ஆயுதப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் எல்லோருடைய போனிலும் ஒரே செய்தி: "லான்ஸ் கனத்த ஆயுதம் இல்லை!" ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று பதறி எழுந்தேன்.

லான்ஸ் என்பது குதிரைவீரனின் நீள ஈட்டி. பன்னிரண்டு முகப் பகடை அளவுக்குக் காயம், பெருங்கோடாரிக்குச் சமம். வாகனத்தின்மேல் இருந்தால் ஒரு கையாலேயே பிடிக்கலாம். வாகனம் ஏறுபவனைவிட ஓர் அளவு பெரிதாக இருந்தால் போதும். மனிதனுக்குக் குதிரை வேண்டும். மூன்றடிக்காரனுக்கு நாய் போதும். மாஸ்டிஃப் ரக நாய், விலைப்பட்டியலில் 25 பொற்காசு. வாங்கினார். பிஸ்கட் என்று பெயர் வைத்தார்.

அடுத்த வாரமே ஒரு பாலம். பாலத்தில் ஓர் ஓகர். ஒன்பதடிக்குக் குறையாத பூதம், கையில் மரத்தையே பிடுங்கி எடுத்தது போல் ஒரு கதை. "பாய்கிறேன்" என்றார் நம்மவர். பாய்ந்தார். ஈட்டி பட்டது, பன்னிரண்டு முகப் பகடையில் வந்தது இரண்டு. அடுத்தது ஓகரின் முறை. டிஎம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாயை அடிக்கிறான்" என்றார். ஓகரின் கதைக்கு இரண்டு எட்டு முகப் பகடை, அதன்மேல் நாலு. எவ்வளவு சோம்பலாக அடித்தாலும் ஆறுக்குக் குறையாது. மாஸ்டிஃபின் உயிர் ஐந்து.

நம்மவர் எழுந்து நின்றார். ஆறடி இரண்டங்குலமும் நின்றது. நாய்க்காக அழுகிறாரோ என்று பார்த்தால், புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "ஓகரைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுகிறேன்" என்றார். முடியாது என்றார் டிஎம். தன்னைவிட ஓர் அளவு பெரியவனை மட்டும்தான் பிடிக்கலாம். ஓகர் இரண்டு அளவு பெரியவன். பதினைந்து நிமிடம் வாதம். மந்திரவாதி இந்த இடைவெளியில் வெளியே போய்க் காபி வாங்கிக்கொண்டே வந்துவிட்டார். கடைசியில் நம்மவர் இறங்கி வந்தார்: "சரி, அவன் கால் நடுவே புகுந்து அந்தப் பக்கம் போகிறேன்." அதற்கு விதியில் இடம் உண்டு, ஹாஃப்லிங் தன்னைவிடப் பெரிய எவன் இருக்கும் இடத்தின் ஊடேயும் நடந்து போகலாம். புகுந்தார். பின்னாலிருந்து கோடாரியை வீசினார். பகடையில் ஒன்று. ஒன்று விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது ஹாஃப்லிங்கின் பிறவி அதிர்ஷ்டம். உருட்டினார். இருபது.

ஓகர் விழுந்தான். அவனுடைய 59 உயிர்ப் புள்ளியில் நாற்பதுக்கு மேல் மந்திரவாதியின் நெருப்பில் முன்பே கருகிப் போயிருந்தது. அதையெல்லாம் நம்மவர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அவருக்கு ஒரே கேள்விதான்: "கடைசி அடி யாருடையது?"

அதன்பிறகு பிஸ்கட் இரண்டாமவனை ஓநாய்கள் கொண்டுபோயின. மூன்றாமவன் பொறிக்குழியில் விழுந்தான். நாலாமவனை டிஎம் இரக்கப்பட்டு ஓட விட்டுவிட்டார். இப்போது ஏதோ கிராமத்தில் நலமாக இருப்பதாகக் கேள்வி. இதை எழுதும்போது அரியணையில் இருப்பது பிஸ்கட் எட்டாமவன். சோழர் பரம்பரை மாதிரி எண் போட்டு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பாத்திரத்தின் பின்கதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏழு பக்கம். இந்த ரகத்தார் எல்லோரிடமும் எனக்குத் தெரிந்து இரண்டே கதைதான்: குழந்தையாக இருந்தபோது ஓநாய்கள் எடுத்து வளர்த்தன, அல்லது மலைவாழ் ராட்சதர்கள் எடுத்து வளர்த்தார்கள். பெற்ற தாய் வளர்த்த ஹாஃப்லிங் பார்பேரியனை நான் இதுவரை பார்த்ததில்லை.

எதிர்ப்பு வந்தால் முன்னுதாரணங்களை அடுக்குவார். டோல்கீனின் கதையில் பாண்டோபிராஸ் டூக் என்ற ஹாபிட் நாலடி ஐந்தங்குலம்தான். காப்ளின் ராஜாவின் தலையைத் தடியால் அடித்துப் பறக்கவிட்டான். மெரி என்ற இன்னொரு ஹாபிட் சூனியராஜாவையே குத்தினான். இதே ஆட்டத்துக்கென்று 2004-இல் வந்த எபரான் உலகத்தில் ஹாஃப்லிங்குகள் டைனோசர்மேல் ஏறி வருகிறார்கள். 1991-இல் வந்த டார்க் சன் உலகத்தில் மனிதரைத் தின்கிறார்கள். கடைசி உதாரணத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் பெருமையைப் பார்க்க வேண்டும், சொந்தப் பிள்ளை மெடல் வாங்கியது போல.

ஒரு நாள் நான் வாயைக் கொடுத்தேன். 1974-இல் வந்த முதல் புத்தகத்தில் இந்த இனத்துக்கு ஹாபிட் என்றே பெயர். டோல்கீன் உரிமையாளர்கள் ஆட்சேபித்த பிறகுதான் ஹாஃப்லிங் ஆயிற்று. அந்தப் புத்தகத்தின்படி ஹாபிட்டுக்குக் கிடைத்த ஒரே தொழில் சண்டை வீரன். அதிலும் நாலாம் படிக்குமேல் ஏற முடியாது. திருடன் என்ற தொழிலே 1975-இல்தான் வந்தது. கூட்டம் கூட்டமாக அந்தப் பக்கம் போனதெல்லாம் அப்புறம்தான். "ஆக, நீ செய்வது புரட்சி இல்லை. நீதான் இங்கே பழைய பஞ்சாங்கம்" என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அதைவிடக் கொடுமையை எங்கள் மேசையில் இருக்கும் கணக்கு டீச்சர் செய்தார். பெருங்கோடாரியின் பன்னிரண்டு முகப் பகடைக்குச் சராசரி 6.5. ஹாஃப்லிங் இரு கையாலும் பிடிக்கக்கூடிய போர்க்கோடாரியின் பத்து முகப் பகடைக்குச் சராசரி 5.5. வித்தியாசம் ஒன்று. தொடக்கத்தில் அரை ஆர்க்குக்கு வலிமை 17 வருகிறது என்றால் இவருக்கு 15. அதனால் அடிக்கு இன்னொரு புள்ளி குறையும், இருபது வீச்சில் ஒன்று கூடுதலாகத் தவறும். அந்தத் தவறிலும் பெரும்பகுதியை, ஒன்று விழுந்தால் மறுபடி உருட்டும் அதிர்ஷ்டம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. "அவ்வளவுதானே? இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று டீச்சர் பேனாவை மூடினார். நம்மவர் அந்தத் தாளை மெதுவாக எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் தனியாக என்னிடம் வந்து, "புதுசாக வருகிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டாமே" என்றார்.

அன்றுதான் எனக்கு ஆள் யாரென்று புரிந்தது. அவருக்கு ஓகர் எதிரியே இல்லை. "இது உன்னால் ஆகாது" என்று அச்சடித்திருக்கும் அந்த ஒரு வரிதான் எதிரி. அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. 

அந்த வரிக்கும் ஆபத்து வந்தது. 2024-இல் விதிப் புத்தகத்தைத் திருத்தி எழுதினார்கள். கனத்த ஆயுதத்துக்கு உருவம் தடையில்லை. கைகலப்பு ஆயுதமானால் வலிமை 13 இருந்தால் போதும், யாரும் தூக்கலாம். ஹாஃப்லிங்கின் நடை 25 அடியிலிருந்து 30 ஆயிற்று. கூடுதல் வலிமை இனத்தைப் பொறுத்தது இல்லை என்றாகிவிட்டது. மூன்றடிக்காரன் பெருங்கோடாரி ஏந்திப் போவதை ஒரு வார்த்தை சொல்லாமல் அனுமதித்துவிட்டார்கள்.

வாழ்த்தலாம் என்று கேக் வாங்கிக்கொண்டு போனோம். நம்மவர் புதுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வழக்குப் போட்ட இடத்தை எதிர்க்கட்சிக்காரன் சும்மாவே எழுதிக் கொடுத்துவிட்டது போல உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில் பதினைந்து வயசுப் பையன் ஒருவன் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: "நான் ஹாஃப்லிங் பார்பேரியன்." அவன் மேசையில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நம்மவர் கேக்கைத் தொடவில்லை.

இரண்டு மாதம் ஆளைக் காணோம். போன ஞாயிறு வந்தார். கையில் பழைய புத்தகக் கடையில் பிடித்த மூன்றாம் பதிப்பு, 2000-இல் வந்தது, அட்டை கிழிந்திருந்தது. அதில் ஹாஃப்லிங்குக்கு வலிமையில் இரண்டு குறைவு, மல்லுக்கட்டினால் நாலு குறைவு, நடை 20 அடிதான், ஆயுதமும் மனிதரைவிடச் சின்னதாகத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். குரலில் பழைய தெம்பு வந்திருந்தது.

வருகிற ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தப் பதிப்பில் ஆடுகிறோம். நாய்க்கான காசு இந்த முறை என் பாத்திரத்தின் பையிலிருந்து போகிறது. நீங்களும் வரலாம், ஆனால் அவர் "ஹாஃப்லிங்" என்று சொன்னதும் தயவுசெய்து ஒரு கணம் திகைத்துப் பாருங்கள்.