பெயர்ப் பொருத்தம் பார்க்காத கம்பைலர்

வேரியபிளுக்கு எக்ஸ், ஒய் என்று பெயர் வைத்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. சி மொழியில் சம்பளக் கணக்கு எழுதினால்கூட 'மொத்தச்சம்பளம்', 'பிடித்தம்', 'கைக்குவருவது' என்று நின்று நிதானித்துத்தான் பெயர் சூட்டுவேன்.

கம்பைலர் அத்தனையையும் சிம்பல் டேபிளில் பவ்யமாகக் குறித்துக்கொள்ளும். என்னே மரியாதை என்று நாம் புளகாங்கிதம் அடைவோம். ஜிசிசிக்கு 'மைனஸ் எஸ்' கொடுத்து அசெம்பிளியை எட்டிப் பார்த்தால்தான் சேதி தெரியும். 'கைக்குவருவது' இருந்த இடத்தில், 'ஆர்பிபி ரெஜிஸ்டர் காட்டும் இடத்துக்கு 4 பைட் கீழே' என்று ஒரு விலாசம் மட்டும் நிற்கும். 'ஓ2' போட்டால் அந்த விலாசமும் போச்சு. மதிப்பு ஏதாவது ரெஜிஸ்டரில் ஒண்டியிருக்கும். கணக்கின் விடை முன்கூட்டியே தெரிந்துவிட்டால் வேரியபிளே இருக்காது.

கம்பைலர் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். 10 லட்சம் இன்ட் கொண்ட குளோபல் அரே ஒன்றைச் சும்மா அறிவித்துப் பாருங்கள். கோப்பு பருக்காது, பிஎஸ்எஸ் பகுதிக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்ற அளவை மட்டும் எழுதிக்கொள்ளும். முதல் உறுப்புக்கு 1 என்று மதிப்பு கொடுங்கள். கோப்பு 40 லட்சம் பைட் ஊதிவிடும். ஒரே ஒரு ஒன்று, அதற்குத் துணையாக 9,99,999 பூஜ்ஜியங்கள்!

ஸ்ட்ரக்ட் கதை இன்னும் விசேஷம். ஊழியர் விவரத்துக்கு ஒரு கேர், ஒரு இன்ட், மறுபடி ஒரு கேர் என்று எழுதினால், 1, 4, 1 கூட்டி 6 பைட் என்பது நம் கணக்கு. சைஸ்ஆஃப் 12 என்கிறது. இன்ட்டின் முகவரி நாலால் வகுபட வேண்டும் என்பதால் முதல் கேருக்குப் பக்கத்தில் 3 பைட் காலி. வரிசையாக அடுக்கினால் அடுத்த ஊழியரின் இன்ட்டும் சரியாக அமர வேண்டுமே, அதற்காகக் கடைசியிலும் 3 காலி. டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு, கேட்டால் "ஆள் வருது" என்பார்களே, அதேதான். ஆள் வராது.

கேர் இரண்டையும் பின்னால் தள்ளினால் 8 பைட்டில் முடிந்துவிடும். ரஸ்ட் கம்பைலர் இந்த வரிசையைத் தானே மாற்றிக்கொள்ளும். சி கம்பைலர் மாற்றாது. எழுதியவர் வரிசையைக் கலைக்கக் கூடாது என்பது அந்த மொழியின் விதி. பார்த்துப் பார்த்து வைத்த பெயரைக் குப்பையில் போடும் மகானுபாவர், போகிற போக்கில் எழுதிய வரிசையை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்.

ஆகவே சி எழுதும் அன்பர்களே, பெயருக்கு மெனக்கெடுவதில் கொஞ்சத்தை வரிசைக்கும் ஒதுக்குங்கள். ஸ்ட்ரக்டில் பெரியதை முதலில் போடுங்கள். ஒரு லட்சம் ஊழியர் இருந்தால் 4 லட்சம் பைட் மிச்சம்.